காஜாக்காரி சும்மா இருந்த மாதம்

சட்டையில் பட்டன் நுழைய ஒரு துளை இருக்கிறதே, சுற்றிலும் நெருக்கமாக நூல் ஓட்டி நடுவில் கத்தியால் பிளந்தது, அதற்குப் பெயர் காஜா. அது ஒழுங்காக இருந்தால் யார் கண்ணிலும் படாது. கொஞ்சம் பிசகினால் மட்டும் யார் எடுத்தது என்று விசாரிப்பார்கள். அப்படி ஒரு வேலையைப் பதினேழு வருடமாகத் தன் வீட்டு முன்னறையில் செய்துவந்த பெண்ணைத் தெருவே காஜாக்காரி என்றது. அவள் காஜா எடுக்க, அவள் கணவர் பட்டன் வைத்தார். அதனால் அவர் பட்டன்காரர். இருவருக்கும் சொந்தப் பெயர் உண்டுதான். ஆனால் மின்சாரக் கட்டணச் சீட்டு கொண்டுவருகிறவருக்குக் கூட அது சட்டென்று நினைவுக்கு வராது.

முன்னறையில் இரண்டு காஜா மிஷின், ஒரு பட்டன் மிஷின், நூல் பிசிறு வெட்ட ஒரு நீள மேசை. ஒரு மிஷினில் காஜாக்காரி உட்காருவாள், இன்னொன்றில் சம்பளத்துக்கு ஒரு பெண். மேசையில் இரண்டு பேர் கத்தரிக்கோலோடு. தையல் கம்பெனியிலிருந்து பள்ளிக்கூடத்து அரைக்கைச் சட்டைகள் கட்டுக்கட்டாக வரும். சட்டைக்கு ஏழு காஜா, ஏழு பட்டன். காலையில் பட்டன்காரர் ஸ்கூட்டரில் கட்டுகளைக் கொண்டுவந்து இறக்கினால், மாலைக்குள் எண்ணூறு சட்டை முடிந்து திரும்பிப் போகும். போவதற்கு முன் ஒவ்வொரு சட்டையையும் காஜாக்காரி குறை ஏதும் இருக்கிறதா என்று ஒரு தடவை உதறிப் பார்ப்பாள். எண்ணூறையும்தான்.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதன் விலையையும் பணமாகச் சொல்ல மாட்டாள், சட்டையாகத்தான் சொல்வாள். ஒரு சட்டைக்குக் கிடைக்கிற கூலிதான் அவள் நாட்டு நாணயம். பல் பிடுங்கியதற்கு முந்நூறு சட்டை. மகளின் கல்லூரிக் கட்டணம் ஒன்பதாயிரம் சட்டை. பட்டன்காரர் ஆசைப்பட்டு ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்தபோது திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆயிரத்து இருநூறு சட்டையைக் கையில கட்டிட்டு வந்திருக்கீங்க, கனக்கலையா?" என்றாள். அன்றிலிருந்து மணி பார்க்கும்போதெல்லாம் அவருக்குக் கை கனத்தது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவளின் விசித்திரம் என்று அவர் அதை எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். தான் பன்னிரண்டாவது வரை படித்தவர் என்பதையும் அந்தச் சாக்கில் சொல்லிவிடுவார்.

இந்த ஓட்டத்தில்தான் தையல் கம்பெனிக்காரர் ஒரு நாள் பட்டன்காரரைத் தன் அறைக்குள் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். பதினேழு வருடத்தில் அந்த நாற்காலி அவருக்குக் கிடைத்தது அதுதான் முதல் முறை. வரும் பருவத்திலிருந்து வேலையை மூன்று மடங்காகத் தருவதாகவும், கூலி அதே கூலிதான் என்றும், நான்கு காஜா மிஷினும் இரண்டு பட்டன் மிஷினும் வாங்கிப்போட்டு வாடகைக்கு ஒரு கூடம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் கம்பெனிக்காரர் சொன்னார். அடுத்த மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்ப்பார்.

பட்டன்காரருக்குத் தலைகால் புரியவில்லை. நேராக வங்கிக்குப் போனார். வீட்டை அடமானம் வைத்தால் ஏழு வருடக் கடன் கிடைக்கும் என்றார் மேலாளர். வருகிற வழியிலேயே ஒரு கூடத்தையும் பார்த்து, கைவசம் இருந்ததை முன்பணமாகக் கொடுத்துவிட்டார். அதை மட்டும் மனைவியிடம் சொல்லவில்லை. மற்றதையெல்லாம் சொன்னார், அவளுடைய பாஷையிலேயே.

"இப்ப மாசம் இருபதாயிரம் சட்டை பண்றோம். சம்பளம், நூல், ஊசி, கரண்ட், பெட்ரோல் எல்லாம் போக ஏழாயிரம் சட்டை நிக்குது. சரியா? மூணு மடங்கு பண்ணினா இருபத்தோராயிரம் நிக்கும். பேங்க் தவணை எட்டாயிரம். அது போனாலும் பதிமூணு நம்ம கையில. ஒன்னாங்கிளாஸ் பிள்ளைகூடப் போட்டுரும் இந்தக் கணக்க."

அவள் மிஷினை நிறுத்தாமல் கேட்டாள். ஒரு சட்டையை முடித்து அடுத்ததை எடுக்கும் இடைவெளியில், "போன வருஷம் எனக்கு அஞ்சு நாள் காய்ச்சல் வந்துச்சே, அந்த வாரம் என்ன நின்னுச்சு?" என்றாள்.

அவர் யோசித்தார். "அந்த வாரம் கொஞ்சம் இழுபறிதான்."

"ஒண்ணுமே நிக்கல. கரண்ட் பில்லுக்கு உங்க அக்காகிட்ட கைமாத்து வாங்கினோம். ஒரு மிஷின்தான ஓடல, ஏன் மொத்தமும் போச்சு? அது எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல."

"அது வேற விஷயம்," என்றார் பட்டன்காரர். என்ன வேறு விஷயம் என்று கேட்டிருந்தால் மாட்டியிருப்பார். நல்லவேளை, அவள் கேட்கவில்லை. வேறொன்று கேட்டாள். கடன் பத்திரத்தில் அடுத்த மாதக் கடைசியில்தானே கையெழுத்துப் போட வேண்டும், அதற்குள் ஒரு மாதம் தான் எந்த வேலையும் செய்யாமல் இருக்கப்போவதாகச் சொன்னாள். தன் மிஷினுக்குச் சம்பளத்துக்கு ஓர் ஆள், சட்டை உதறிப் பார்க்க ஓர் ஆள். தான் சும்மா உட்கார்ந்து பார்க்கப் போவதாகச் சொன்னாள்.

"உனக்கு என்ன ஆச்சு? கடன் வாங்கற நேரத்துல ஏழாயிரம் சட்டையத் தூக்கித் தண்ணியில போடணுமா?"

"மாசம் எட்டாயிரம்னு ஏழு வருஷம் கட்டப் போறோம். அதுக்கு முன்னாடி ஒரு மாசத்துக் காசப் போட்டுப் பாத்துடலாங்க. புதுக் கூடத்துல நான் எத்தன மிஷின்ல உக்கார முடியும்? ஒண்ணுலதான. மத்ததெல்லாம் நான் இல்லாமத்தான் ஓடணும். நான் இல்லாம எப்படி ஓடுதுன்னு இங்கயே பாத்துக்குவோம்."

பட்டன்காரருக்குக் கோபம் வந்தது. எதிர்த்துப் பேச வார்த்தை கிடைக்காதபோது வருமே, அந்தக் கோபம். இரண்டு வேளை பேசாமல் இருந்து பார்த்தார். மூன்றாவது வேளை சாப்பாடு போடும்போது அவளே, "நாளைக்கு ஆள் வருது," என்றாள். பேச்சு முடிந்தது.

மறுநாள் காலை அவள் தலை வாரி, வெளியே போகக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு, வாசல் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அவள் மிஷினில் புதிதாக வந்த பெண் உட்கார்ந்தாள். நல்ல வேலைக்காரிதான், பெரிய கம்பெனிகளில் கை பழகியவள். சட்டை உதறிப் பார்க்க ஒரு வயதான பெண்மணி வந்தார். பட்டன்காரர் தன் மிஷினில் இருந்தபடி ஓரக்கண்ணால் நாற்காலியைப் பார்த்தார். ஒரு மணி நேரம்கூடத் தாங்க மாட்டாள் என்று தனக்குள்ளேயே பந்தயம் கட்டினார்.

பந்தயத்தில் அவர் தோற்றார்.

இரண்டாம் நாள் மிஷினில் நூல் அறுந்து அறுந்து விழுந்தது. காஜாக்காரி கண்ணை மூடிக்கொண்டே ஒரு திருகைக் கால் சுற்றுத் திருப்பினால் சரியாகிவிடும். அவள் எழுந்திருக்கவில்லை. "மெக்கானிக்கக் கூப்பிடுங்க," என்றாள்.

"ஏன், நீ கை வச்சா ரெண்டு நிமிஷம்."

"புதுக் கூடத்துல ஆறு காஜா மிஷின் இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் நானா ஓடுவேன்? கூப்பிடுங்க."

மெக்கானிக் மத்தியானம் வந்தார். அதே திருகைக் கால் சுற்றுத் திருப்பினார். நூற்றைம்பது சட்டை வாங்கிக்கொண்டு போனார். அதற்குள் அரை நாள் போயிருந்தது. பட்டன்காரருக்கு வயிறு எரிந்தது. நாற்காலியில் இருந்தவளின் வலது கை, மடியில் கிடந்தபடி, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எதையோ திருகிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தார். அவளுக்கே தெரியாமல் அந்தக் கை வேலை செய்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபின் அவர் கோபம் பாதியாகக் குறைந்துவிட்டது.

தெரு சும்மா இருக்குமா? முதல் வாரம் உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரித்தார்கள். இரண்டாம் வாரம் புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதாவது தகராறா என்று கேட்டார்கள். மூன்றாம் வாரம் பட்டன்காரரின் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். "என்னடா, ராணி மாதிரி வாசல்ல உக்காந்திருக்காளாமே? நீ மட்டும் மாடு மாதிரி உழைக்கிறியாமே?" இரண்டு மாதத்துக்கு முன் இப்படிக் கேட்டிருந்தால் பட்டன்காரர் தானும் நாலு வார்த்தை சேர்த்துப் போட்டிருப்பார். அன்று, "அவ சும்மா இல்லக்கா, ஒரு வேல பண்றா. என்னன்னு எனக்கே இப்பத்தான் புரிய ஆரம்பிக்குது," என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவருக்குப் புரிய ஆரம்பித்தது கொஞ்சம் கொஞ்சமாகத்தான். கட்டு வந்து இறங்கியதும் துணியின் தடிமனைத் தொட்டுப் பார்த்து எந்த ஊசி என்று முடிவெடுக்க ஆள் இல்லை. மெல்லிய துணியில் தடி ஊசி ஏறி ஒரே நாளில் ஐந்து சட்டையில் காஜா கிழிந்தது. ஒரு சட்டை கெட்டால் கம்பெனி அதன் முழு விலையையும் பிடித்துக்கொள்ளும், அது நூறு சட்டையின் கூலி. நூல் தீரப் போகிறது என்று இரண்டு நாள் முன்னால் சொல்ல ஆள் இல்லை. பிசிறு வெட்டும் பெண்களில் ஒருத்திக்குத் தலைவலி என்றால் அந்த இடத்தில் உட்கார்ந்து கத்தரிக்கோலை எடுக்கவும் ஆள் இல்லை. புதிதாக வந்த பெண் அவள் வேலையைக் குறையில்லாமல் செய்தாள். மணி ஆனதும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அதில் என்ன தப்பு? சம்பளம் காஜாவுக்கு, காவலுக்கு இல்லையே. இவ்வளவு நாள் அந்த அறையில் இத்தனை வேலை நடந்துகொண்டிருந்தது என்பதே பக்கத்து மிஷினில் பதினேழு வருடம் உட்கார்ந்திருந்த மனிதருக்குத் தெரியாது. மின்விசிறி நின்ற பிறகுதான் அது ஓடிய சத்தம் தெரியுமே, அப்படி.

நடுவில் ஒரு நாள் மனசு கேட்காமல், "போதும், வந்து உக்காரு. எனக்குப் புரிஞ்சிருச்சு," என்றார்.

"புரிஞ்சதக் கணக்குல எழுத முடியாதுங்க. இருபத்தஞ்சு வேல நாளும் ஓடட்டும்," என்றாள் அவள். அவள் முகம் வாடியிருந்தது. சும்மா இருப்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியும். காய்ச்சலில் கூட ஐந்தாம் நாளே எழுந்து வந்து உட்கார்ந்தவள். அந்த நாற்காலியில் அவள் இருந்த இருப்பைப் பார்த்து அவருக்கு முதல் தடவையாகத் தன் மனைவி மேல் ஒரு பயபக்தி வந்தது. யாரோ பெரிய மனுஷி வீட்டுக்கு வந்திருக்கிறாள், நாம்தான் இவ்வளவு நாள் சரியாகக் கவனிக்கவில்லை என்பது போல இருந்தது.

மாதம் முடிந்த மறுநாள் விடுமுறை. மிஷின்களுக்கு உறை போட்டிருந்தது. காலை வெயில் பிசிறு மேசை வரைக்கும் வந்திருந்தது. அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். முடிந்த சட்டை பத்தொன்பதாயிரம். வழக்கமான செலவு பதிமூன்றாயிரம். அவள் இடத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கு நாலாயிரத்து ஐந்நூறு. உதறிப் பார்த்தவருக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. மெக்கானிக் நான்கு தடவை, அறுநூறு. கெட்டுப்போன சட்டை பதினான்கு, ஆயிரத்து நானூறு. கூட்டிக் கழித்தால் மூவாயிரம் சட்டை கையிலிருந்து போயிருந்தது.

"முடியலங்க, இன்னும் இருக்கு. உங்க சம்பளத்தப் போடுங்க."

"எனக்கு எதுக்கு?"

"புதுக் கூடத்துக்கு இன்னும் ரெண்டு பட்டன்காரர் வேணும், சம்பளமில்லாம வந்து உக்காருவாங்களா? போடுங்க, நாலாயிரத்து ஐந்நூறு. இந்த அறைக்கு வாடக ஆயிரத்து ஐந்நூறு."

"நம்ம வீட்டுக்கு நாமளே வாடகையா?"

"கூடத்துக்காரர் நம்ம மாமாவா, சும்மா விட?"

அவர் போட்டார். ஒன்பதாயிரம் சட்டை நஷ்டம் என்று வந்தது. பென்சிலை வைத்துவிட்டு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். தொழில் ஏழாயிரம் சட்டை தருகிறது என்றல்லவா நினைத்திருந்தார்? தொழில் ஒரு சட்டைகூடத் தரவில்லை. நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்த தொழிலுக்கு மாதாமாதம் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். லாபம் என்று அவர் பெருமையாகச் சொல்லிவந்தது இவளுக்குக் கொடுக்காமல் விட்ட கூலி. அதைத்தான் மூன்றால் பெருக்கியிருக்கிறார். மிஷினை மூன்று மடங்காக்கலாம், கூடத்தைப் பெரிதாக்கலாம், இவளை மூன்றாக்க எந்த வங்கியிலும் கடன் கிடையாது. கையெழுத்துப் போட்டிருந்தால் ஒரு வருடத்தில் வீடு போயிருக்கும். 

கூடத்துக்கு முன்பணம் கொடுத்ததை அப்போதுதான் சொன்னார். எவ்வளவு என்றாள். ஆயிரம் சட்டை என்றார்.  "திரும்பக் கேட்டுப் பாருங்க. தரலன்னா விட்டுருங்க. அதத் துரத்திட்டுப் போய் வீட்ட வைக்க வேணாம்," என்றாள். அவர் திட்டு விழும் என்று எதிர்பார்த்து வைத்திருந்த பதில்கள் எல்லாம் வீணாயின.

கம்பெனிக்காரரைப் பார்க்க இருவரும் சேர்ந்தே போனார்கள். இந்த முறை நாற்காலியில் அவளை உட்கார வைத்துவிட்டுப் பட்டன்காரர் நின்றுகொண்டார். மூன்று மடங்கு வேலை வேண்டுமானால் கூலி ஒன்றரை மடங்கு வேண்டும் என்றாள் அவள். கம்பெனிக்காரர் சிரித்தார்.

"என்னம்மா இது, ஊர்ல எல்லாரும் இந்த ரேட்டுக்குத்தான் செஞ்சு தர்றாங்க. அவங்கள்லாம் பொழைக்கலையா?"

"எல்லார் வீட்டுலயும் என்னை மாதிரி ஒருத்தி இருப்பா சார்," என்றாள் காஜாக்காரி. "அவ சும்மா உக்காந்து பாத்திருக்க மாட்டா."

 கம்பெனிக்காரர் மேசை மேல் இருந்த கெட்ட சட்டைகளின் சீட்டை எடுத்தார். போன மாதம் பதினான்கு, அதற்கு முந்தைய மாதங்களில் ஒன்று, பூஜ்யம், ஒன்று. இரண்டு தடவை பார்த்துவிட்டு, பெரிய வேலையை வேறு ஆளுக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கும், பழைய வேலைக்கு மட்டும் பத்தில் ஒரு பங்கு கூட்டித் தருவதாகச் சொன்னார். அவள் சரி என்றாள். வெளியே வந்ததும், "கம்மிதான். அடுத்த வருஷம் மறுபடியும் கேக்கணும்," என்றாள். பட்டன்காரர் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார், சாவி போட மறந்திருந்தார்.

மறுநாள் காலை அவள் தன் மிஷினில் உட்கார்ந்தாள். பதினோரு மணிக்கு அவர் வங்கிக்குக் கிளம்பினார். போகிற வழியெல்லாம் ஒரு பெருக்கல் அவரை விடவில்லை. மாதம் ஏழாயிரம், வருடத்துக்கு எண்பத்து நாலாயிரம், பதினேழு வருடத்துக்குப் பதினாலு லட்சத்துக்கு மேல். ஆரம்பத்தில் ஒரே மிஷின்தான், வேலையும் குறைவு என்று கழித்துப் பார்த்தார். எப்படிக் கழித்தாலும் பத்து லட்சம் சட்டைக்குக் கீழே அது இறங்க மறுத்தது. ஒவ்வொரு சட்டையிலும் ஏழு காஜா. அத்தனை பிள்ளைகள் பட்டனைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறார்கள். அந்தக் கூலியில் என்னென்ன வந்தது என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். மகளின் படிப்பு வந்தது. அக்காவின் கடன் அடைந்தது. செங்கல், சிமெண்ட், மேல்தளம், கதவு. சிக்னலில் பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். பச்சை விழுந்து வெகுநேரமாகியிருந்தது.

மேலாளர் எல்லாத் தாள்களையும் தயாராக வைத்திருந்தார். கடன் வேண்டாம் என்றதும் அவர் முகம் மாறியது.

"ஏன் சார்? வட்டிய இன்னும் கொஞ்சம் பாக்கலாம். இவ்வளவு நல்ல சொத்து இருக்கு."

"வீட்டுக்குச் சொந்தக்காரங்க சம்மதிக்கல சார்."

மேலாளர் கோப்பைத் திறந்து பத்திர நகலைப் பார்த்தார். அவருக்குப் புரியவில்லை. "நீங்கதான சொந்தக்காரர்? பத்திரத்துல உங்க பேரு மட்டும்தான இருக்கு?"

பட்டன்காரர் நகலைத் தன் பக்கம் திருப்பி, அந்தப் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆமா சார், தப்பா இருக்கு," என்றார். "அதத் திருத்த எங்க போகணும்?"